பசை ஒரு நாள்தான் தாங்குமா? ஆம்பூரில் ஓர் ஆங்கில வகுப்பு

'தி சோல் அடெசிவ் லாஸ்ட்ஸ் 24 அவர்ஸ்.' போன வருடம் ஜெர்மனியில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளருக்கு நான் தட்டி அனுப்பிய மின்னஞ்சலில் இந்த ஒரு வரிதான் வினை. சோல் ஒட்டிய பசை முழுப் பிடிப்புக்கு வர 24 மணி நேரம் ஆகும், அதுவரை ஷூவை வளைத்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்ப முடியாது என்று சொல்ல வந்தேன். அவர்கள் படித்துக்கொண்டது வேறு: இந்தத் தொழிற்சாலையின் பசை 24 மணி நேரம்தான் தாங்குமாம். மறுநாள் காலை நான் தேநீர் குடிக்கப் போகும் முன்பே மூன்று பேருக்கு நகல் போட்டுப் பதில் வந்துவிட்டது. முதலாளியின் மகன் அதை அச்செடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலையே போய்ப் பணம் கட்டிய வகுப்பைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. வகுப்பின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளும் சொல்ல இருக்கிறது. சின்ன ஊர், நாளைக்கும் அந்தப் படியேறித்தான் ஆகவேண்டும்.

நான் இருபது வருடமாக ஷூ தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அதில் பதினான்கு வருடம் லாஸ்டிங் பிரிவில். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். லாஸ்ட் என்றால் எங்களுக்குக் கடைசி அல்ல, கால் அச்சு. கணுக்காலோடு வெட்டி எடுத்த பாதம் மாதிரி பிளாஸ்டிக்கில் இருக்கும். தைத்து வந்த அப்பரை, அதாவது ஷூவின் மேல்பகுதியை, அதன் மேல் போர்த்தி இயந்திரத்தில் கொடுத்தால், இடுக்கிகள் தோலின் ஓரத்தைப் பல்லால் கடிப்பதுபோலப் பிடித்து இழுக்கும், அடியில் சூடான பசை இறங்கும், தகடுகள் வந்து மடித்து அமுக்கும். இதுதான் லாஸ்டிங். பிறகு வெப்ப அறை, அடித்தோலைச் சுரண்டுவது, பசை பூசுவது, சோல் அழுத்துவது, குளிர்விப்பது. எல்லாம் முடிந்ததும் அச்சின் நடுவில் இருக்கும் கீலை மடக்கினால் ஷூ கழன்றுவரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது தோல் தொழிலில் இருப்பார்கள். 'லாஸ்ட்' எங்கள் வாயில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. உற்பத்தித் திட்டப் பிரிவுக்கு என்னை மாற்றிய பிறகுதான் ஆங்கிலத்தில் எழுதவேண்டிய தலைவிதி வந்தது. 'லாஸ்டிங் வில் லாஸ்ட் த்ரீ டேஸ்' என்றுகூட ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அதற்கு யாரும் பதிலே போடவில்லை.

வகுப்பு இருக்கும் இடம் ஒரு மருந்துக் கடையின் மேல் மாடி. படி குறுகல், ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் ஏற முடியாது. மாலை ஏழிலிருந்து எட்டரை வரை, வாரம் மூன்று நாள். கட்டணம் 7,500 ரூபாய், செல்போன் செயலிக்குத் தனியாக 900. வாசலில் பெரிய பலகை: 'நாற்பத்தைந்தே நாளில் ஆங்கிலம்!' நாற்பத்தைந்து நாளில் ஆங்கிலம் வந்துவிடும் என்கிறார்களா, வந்த ஆங்கிலம் நாற்பத்தைந்து நாள் நிற்கும் என்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு இப்போதுதான் வருகிறது. சேர்ந்த அன்று வரவில்லை. உள்ளே போய்க் கேட்டால் அந்தப் பலகை பழைய பாடத்திட்டத்துக்கானதாம், இப்போது மூன்று மாதமாம். எனக்கு நாலரை மாதம் பிடித்தது.

சொல்லித்தருபவர் அரசுப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் டீச்சர். சாக்பீஸ் தூள் படாமல் இருக்க வலது கை மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொள்வார். நாற்பத்து மூன்று வயதான என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டார். பத்தாவது படிக்கும் பையனையும் அப்படித்தான். எங்கள் அணியில் பதினோரு பேர். வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸ் பெண், செல்போன் பழுது பார்க்கும் தம்பி, பிரியாணிக் கடை பாய், பேரப்பிள்ளைகளோடு வீடியோ அழைப்பில் பேசவேண்டும் என்று வந்த ஓர் அம்மா, இப்படி.

முதல் இரண்டு வாரம் வழக்கமான பாடம்தான். ஐ ஆம், யூ ஆர். கொட்டாவியை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது வாரம் என் மின்னஞ்சல் கதையை டீச்சரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்காமல், "நாளைக்கு எல்லோரும் உங்கள் வேலையில் எதற்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நாள் என்று தமிழில் இரண்டு வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள். ஆங்கிலம் வேண்டாம்" என்றார்.

கொடுத்த காசு எனக்கு அந்த ஒரே வகுப்பில் வந்துவிட்டது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரும்பலகையின் நடுவில் டீச்சர் ஒரு கோடு கிழித்தார். நாங்கள் ஒவ்வொருவராகப் படிக்க, வாக்கியத்தின் வினைச்சொல்லை மட்டும் இடப்பக்கமோ வலப்பக்கமோ எழுதிக்கொண்டே போனார். செல்போன் தம்பி: "சார்ஜ் ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். ஏறினால் ஒரு நாள் நிற்கும்." 'ஆகும்' இடப்பக்கம், 'நிற்கும்' வலப்பக்கம். அந்த அம்மா: "காஸ் சிலிண்டர் நாற்பது நாள் வரும்." வலப்பக்கம். நர்ஸ் பெண்: "காயம் ஆற பத்து நாள் பிடிக்கும்." இடப்பக்கம். நான்: "நல்ல தோல் செருப்பு இரண்டு வருடம் உழைக்கும்." வலம். பத்தாவது பையன்: "படம் இரண்டரை மணி நேரம் ஓடும்." வலம். பாய் எழுந்து நின்று, "பிரியாணி தயாராக மூன்று மணி நேரம் ஆகும். தயாரானால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது" என்றார். பாதி பெருமை, பாதி விளம்பரம். கைதட்டினோம்.

பார்த்தால் இடப்பக்கம் இரண்டே சொல்: ஆகும், பிடிக்கும். வலப்பக்கம் வரிசை நீண்டுவிட்டது: நிற்கும், வரும், உழைக்கும், ஓடும், தாங்கும், நீடிக்கும். டீச்சர் இடப்பக்கத்தின் தலையில் 'டேக்' என்றும் வலப்பக்கத்தின் தலையில் 'லாஸ்ட்' என்றும் எழுதிவிட்டு உட்கார்ந்தார். "பாருங்கள், நீங்கள் ஆறு சொல் வைத்துக்கொண்டு ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை. காஸ் உழைக்கும் என்றோ செருப்பு ஓடும் என்றோ யாராவது சொன்னீர்களா? வெள்ளைக்காரன் ஒரே சொல்லை வைத்திருக்கிறான், அதில் போய்த் தடுமாறுகிறீர்களே!"

இருபது வருடம் எனக்குப் புரியாதது அந்தக் கோட்டில் புரிந்தது. ஒரு வேலையை முடிக்க எவ்வளவு என்பது டேக். ஒன்று இருக்கிறதே, அது முடியும்வரை எவ்வளவு என்பது லாஸ்ட். முடிக்க, முடியும்வரை: அவ்வளவுதான் வித்தியாசம். என் பசைக்கு வேண்டியது முதலாவது, நான் எழுதியது இரண்டாவது.

ஆனால் தமிழை அப்படியே நம்பி இறங்கினாலும் கால் வழுக்கும் என்பதையும் அன்றே காட்டினார். 'நிற்கும்' என்ற சொல் சார்ஜுக்கு வந்தால் லாஸ்ட். மழைக்கு வந்தால் நேர் எதிர், ஸ்டாப். "சார்ஜ் ஒரு நாள் நின்றது, மழை நின்றது. இரண்டும் ஒன்றா?" என்று கேட்டதும் செல்போன் தம்பி தலையைச் சொறிந்தான். 'ஆகும்' என்பதும் அப்படித்தான். மூன்று மணி நேரம் ஆகும் என்றால் டேக், முந்நூறு ரூபாய் ஆகும் என்றால் காஸ்ட். இதற்கு ஒரு சூத்திரமும் கொடுத்தார். டேக் வந்தால் உடனே 'என்ன செய்ய?' என்று கேட்டுப் பார்க்கவேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது பையன் 'தி ஃப்ளட் டுக் த்ரீ டேஸ்' என்று எழுதியிருந்தான். "மூன்று நாள் எடுத்துக்கொண்டு வெள்ளம் என்ன செய்தது, தம்பி? வீட்டுப்பாடம் எழுதியதா?" வெள்ளம் வடிய மூன்று நாள் ஆனது என்றால் டேக் சரி, ஏனென்றால் 'வடிய' என்று ஒரு வேலை அங்கே இருக்கிறது. வெள்ளம் மூன்று நாள் இருந்தது என்றால் லாஸ்ட்.

வாக்கிய அமைப்பிலும் அடையாளம் இருக்கிறது. லாஸ்டுக்குப் பின்னால் 'ஃபார்' போடலாம், போடாமலும் விடலாம். டேக்குக்குப் பின்னால் 'ஃபார் த்ரீ அவர்ஸ்' என்று போட்டால் தப்பு. டேக்கோடு 'டு' சேர்ந்து ஒரு வேலை வரும்: இட் டுக் மீ டூ அவர்ஸ் டு ஃபினிஷ். லாஸ்டோடு அப்படி வராது. ஆனால் ஆள் மட்டும் வரலாம்: இந்த அரிசி எங்களுக்கு ஒரு மாதம் வரும் என்பதற்கு 'திஸ் ரைஸ் வில் லாஸ்ட் அஸ் அ மன்த்'. தமிழில் இருக்கும் 'எங்களுக்கு' அங்கே 'அஸ்' ஆக வந்து உட்காருகிறது. இந்த ஒரு வாக்கியத்தை அந்த அம்மா நோட்டின் அட்டையிலேயே எழுதிவைத்துக்கொண்டார்.

அடுத்த வகுப்புக்கு நான் ஒரு லாஸ்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆண்கள் எட்டாம் நம்பர், இடது கால், ஓரம் உடைந்ததால் கழித்துப் போட்டது. மேசையில் வைத்ததும் பாய், "என்னப்பா, யார் காலை வெட்டிக்கொண்டு வந்தாய்?" என்றார். டீச்சர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், கீலை மடக்கிப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து அட்டை கிழிந்த தடித்த அகராதி ஒன்றை எடுத்தார். கடைசி என்ற பொருளில் வரும் லாஸ்ட் வேறு வம்சம். லேட் என்பதன் உச்ச வடிவம் தேய்ந்து வந்தது. கால் அச்சான லாஸ்டும் நீடிக்கும் என்ற லாஸ்டும்தான் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் அந்த வேர்ச்சொல்லுக்குக் காலடித் தடம் என்று பொருளாம். தடத்தைப் பின்பற்றிப் போவது, சொன்னதைக் கடைசிவரை நிறைவேற்றுவது, விடாமல் தாங்குவது என்று பொருள் வளர்ந்திருக்கிறது. "நம்மிடமும் அடியொற்றி நடப்பது என்று இருக்கிறதே" என்றார் டீச்சர். பதினான்கு வருடம் நான் கையில் வைத்து வேலை செய்த சாமானுக்குள் நான் தடுக்கி விழுந்த வினைச்சொல் இருந்திருக்கிறது! அந்த அச்சை இப்போது வகுப்பிலேயே கொடுத்துவிட்டேன். காகிதம் பறக்காமல் இருக்க அழுத்தி வைக்கிறார்கள்.

இனி குறைகள்.

முதலில் செயலி. 900 ரூபாய் தண்டம். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும். தனக்குத் தெரிந்த ஒரே விடையைத் தவிர மற்றதையெல்லாம் சிவப்பில் அடிக்கும். 'தி ஜர்னி ____ த்ரீ அவர்ஸ்' என்பதற்கு நான் 'லாஸ்டெட்' என்று போட்டேன். தவறு, 'டுக்' என்றது. பயணம் என்பது முடிக்கவேண்டிய வேலையும்கூட, நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சியும்கூட. சென்னை போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆனது என்று நினைத்தால் டேக், ரயிலில் உட்கார்ந்திருந்த அந்த மூன்றரை மணி நேரத்தை நினைத்தால் லாஸ்ட். டுக் என்பதுதான் அதிகம் கேட்கும் பேச்சு, ஆனால் மற்றது தவறில்லை என்று டீச்சரே சொன்னார். செயலிக்கு யார் சொல்வது? புகார் அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது.

இரண்டாவது, அச்சுப் பாடப்புத்தகம். நகல் எடுத்து எடுத்து எழுத்து மங்கிவிட்டது. பதினேழாம் பக்கத்துக்குப் பிறகு பத்தொன்பது வருகிறது. பதினெட்டில்தான் ஸ்பெண்ட் இருந்ததாம். ஸ்பெண்டை டீச்சர் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார். நேரத்தை நாம் செலவழித்தால் ஸ்பெண்ட், வேலை நம்மிடமிருந்து நேரத்தைப் பிடுங்கினால் டேக். ஸ்பெண்டுக்குப் பின்னால் 'டு வெயிட்' வராது, 'வெயிட்டிங்' என்றுதான் வரும். அவ்வளவுதான் என் நோட்டில் இருக்கிறது. கன்டினியூவுக்கு நான் கேட்ட பிறகு ஒரு வரி: லாஸ்ட் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மொத்தமாக அளக்கும், கன்டினியூ நடுவில் நின்றுகொண்டு இனிமேல் எவ்வளவு என்று பார்க்கும். 'மழை மேலும் இரண்டு நாள் நீடிக்கும்' என்று செய்தியில் சொன்னால், அந்த 'மேலும்' இருப்பதால் கன்டினியூ பொருந்தும். ஸ்டேயைப் பற்றி நர்ஸ் பெண் கேட்டாள். 'ஐ ஸ்டே இன் ஆம்பூர்' என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். இங்கிலாந்துக்காரர்கள் காதில் அது விருந்தாளி தங்கியிருப்பதுபோல விழும், குடியிருப்பதற்கு லிவ் என்று சொல்லவேண்டும் என்றார். 'அன்டில்', 'பை' இரண்டும் அடுத்த கட்டப் பாடமாம், அதற்குத் தனிக் கட்டணம். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று எழுதத் தெரியாத ஒருவனை உற்பத்தித் திட்டப் பிரிவில் வைத்துக்கொண்டு எங்கள் முதலாளி எத்தனை நாள் தாங்குவார்?

மூன்றாவது, விடுமுறைகள். மின்தடை என்று விடுமுறை, திருவிழா என்று விடுமுறை, நிர்வாகி ஊருக்குப் போனதால் சாவி இல்லை என்று ஒரு விடுமுறை. அன்று பதினோரு பேரும் படியில் வரிசையாக உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்து வீட்டுக்குப் போனோம். டீச்சர் மேல் குற்றமில்லை, அவரும் எங்களோடு படியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பலன் உண்டா என்று கேட்டால், என் கையால் எழுதியதையே காட்டுகிறேன். அந்தப் பசை விவகாரத்துக்கு நான் பிறகு அனுப்பிய விளக்கம்: 'இட் டேக்ஸ் 24 அவர்ஸ் ஃபார் தி அடெசிவ் டு ரீச் ஃபுல் ஸ்ட்ரென்த். தி பாண்ட் லாஸ்ட்ஸ் ஆஸ் லாங் ஆஸ் தி ஷூ.' டீச்சர் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. இந்த ஜனவரியில் அதே வாடிக்கையாளரின் தரப் பரிசோதகர் தொழிற்சாலைக்கு வந்தார். மதியம் பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் சாப்பிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பழைய மின்னஞ்சலை நானே நினைவுபடுத்தினேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. ஜெர்மன் மொழியில் 'டௌவர்ன்' என்று ஒரே சொல்தானாம். போய்ச்சேர மூன்று மணி நேரம் ஆகும் என்பதற்கும் அதுவே, படம் மூன்று மணி நேரம் ஓடும் என்பதற்கும் அதுவே. அப்படியானால் உங்களுக்குக் குழப்பமே வந்திருக்கக் கூடாதே என்றேன். பசைக்கும் பாட்டரிக்கும் வேறு சொல்லாம்: 'ஹால்ட்டன்', பிடித்துக்கொண்டிருப்பது. என் 'லாஸ்ட்ஸ்' அவர்கள் மனதில் நேராக அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு கையையும் கோத்து இறுக்கிப் பிடித்து, பிறகு சட்டென்று விட்டுக் காட்டினார். சோல் கழன்று விழுகிறதாம்.

டீச்சரின் பலகைக் கோடு ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் விழுகிறது, ஜெர்மனில் வேறு இடத்தில் விழுகிறது. இதை வகுப்பில் வந்து சொன்னபோது டீச்சர் நோட்டு எடுத்து எழுதிக்கொண்டார். மாணவன் சொல்வதை எழுதிக்கொள்ளும் ஆசிரியரை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்ததில்லை.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? ஆங்கிலத்தில் ஓரளவு எழுதத் தெரிந்து, எங்கோ ஓரிடத்தில் இடறிக்கொண்டே இருப்பவர்களுக்கு. உங்கள் இடறலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் டீச்சர் அதை வைத்து ஒரு வகுப்பே நடத்துவார். ஒன்றும் கொண்டுபோகாமல் சும்மா உட்கார்ந்தால் ஐ ஆம், யூ ஆர்தான் கிடைக்கும். பலகையை நம்பி நாற்பத்தைந்து நாள் கணக்குப் போட்டு வருபவர்கள் வேறு இடம் பார்க்கலாம். செயலியைக் கட்டாயம் என்பார்கள், கட்டாயமில்லை, மறுத்துவிடுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், டீச்சருக்கு மட்டும் தனியாக ஐந்து.

அடுத்த கட்டத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஏழு மணிக்கு வகுப்பு என்றால் ஆறே முக்காலுக்குப் போய்விடுங்கள். மின்விசிறிக் காற்று முதல் இரண்டு வரிசைக்குத்தான் வரும், அதில் ஒரு இடத்தை பாய் தன் பிரியாணித் தூக்கை வைத்துப் பிடித்துவைத்திருப்பார்.